ஒன்றாம் நம்பர் போயாச்சா?

மெம்பிஸிலிருந்து நாஷ்வில்லுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. டென்னசி மாநிலத்தின் இரண்டு பெரிய ஊர்கள் இவை. நடுவே சுமார் 340 கிலோமீட்டர். சரக்கு ரயில் ஓடுகிறது, லாரிகள் வரிசை கட்டி ஓடுகின்றன. மனிதர் போக வேண்டுமென்றால் கார், பஸ், இல்லாவிட்டால் விமானம். 1918-இல் இப்படி இல்லை. ராத்திரி மெம்பிஸில் ஏறிப் படுத்தால் காலை 7:10-க்கு நாஷ்வில்லில் இறங்கலாம். அந்த வண்டிக்கு நம்பர் ஒன்று. ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, அது போய்ச் சேரவில்லை.

அந்த வண்டியைத் தேடித்தான் நாங்கள் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியது என் பள்ளித் தோழன், பல வருஷமாக மெம்பிஸ்வாசி. “நயாகராவைப் பாக்க வருவாங்க, கிராண்ட் கேன்யனைப் பாக்க வருவாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு ரயில் முட்டிக்கிட்ட எடத்தைப் பாக்க வந்தவன் நீ ஒருத்தன்தான்டா” என்றான். மறுக்க முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மகனுக்கு இந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டே வரும்.

பாதி வழிக்குச் சற்று முன்னால் ஜாக்சன் என்ற ஊர். கேஸி ஜோன்ஸ் வாழ்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. 1900 ஏப்ரல் 30 அதிகாலை, மிசிசிப்பியில் வான் என்ற ஊருக்குப் பக்கத்தில், நின்றிருந்த சரக்கு வண்டியின் பின்புறத்தில் மோதி இறந்துபோன டிரைவர். கடைசி நொடிவரை பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பயணிகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். என்ஜின் துடைக்கும் வேலை பார்த்த வாலஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி அவரைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். அது நாடு முழுக்கப் பரவியது. வர்ஜீனியாவில் டான்வில் ஊரின் மரப்பாலத்திலிருந்து 1903-இல் விழுந்த 97-ஆம் நம்பர் தபால் வண்டிக்கும் பாட்டு உண்டு. 1920-களில் இசைத்தட்டாகப் பிய்த்துக்கொண்டு விற்றது. அங்கே இறந்தவர்கள் 11 பேர்.

ஒருவர் இறந்த விபத்தைக் குழந்தைகூடப் பாடும். பதினொருவர் இறந்ததை ஊரெல்லாம் பாடும். நூற்றுக்கு மேல் இறந்த நாஷ்வில் விபத்தோ, அமெரிக்க ரயில் வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் குடித்தது என்று பெரும்பாலானோர் சொல்வது, நாட்டுப்புற இசையின் தலைநகரத்துக்குள்ளேயே நடந்தது. அதைப் பற்றி டேவிட் ஆலன் கோ ஒரு பாட்டுப் பாட 1980 வரை ஆயிற்று. அதையும் கேட்டவர்கள் குறைவு. ஏன் என்ற கேள்வி ஜாக்சனிலேயே என் சட்டைப்பையில் ஏறிக்கொண்டது.

நாஷ்வில்லின் யூனியன் ஸ்டேஷன் இப்போது ஓட்டல். 1900-இல் திறந்த கற்கட்டடம். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் எதையோ கட்டியதுபோல் கோபுரமும் கூர்முனைகளுமாக நிற்கிறது. உள்ளே கூரையில் வண்ணக்கண்ணாடி. ஒருகாலத்தில் கீழே தண்டவாளத்தை ஒட்டிய தொட்டிகளில் முதலைகள் விட்டிருந்தார்களாம், பயணிகள் வேடிக்கை பார்க்க. 1979-இல் கடைசிப் பயணிகள் ரயிலும் நின்றது. வரவேற்பு மேஜையில் இருந்த இளைஞரிடம் ரயில் பற்றிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே பின்பக்கம் கை காட்டினார். அங்கே கீழே பள்ளத்தில் தண்டவாளங்கள் இன்னும் இருக்கின்றன. சரக்கு வண்டிகள் ஓட்டலைத் திரும்பிப் பார்க்காமல் போகின்றன.

மெம்பிஸ்-நாஷ்வில் பாதையை நடத்தியது நாஷ்வில், சட்டநூகா அண்ட் செயின்ட் லூயி ரயில்வே. பெயரில்தான் செயின்ட் லூயி. அந்த ஊருக்கு அவர்களுடைய தண்டவாளம் கடைசிவரை போகவே இல்லை. டென்னசியிலும் ஜார்ஜியாவிலும் சுற்று வட்டாரத்திலும் பஞ்சும் நிலக்கரியும் ஆட்களும் ஏற்றிய வட்டாரக் கம்பெனி. 1880 முதலே பெரிய அண்டைக் கம்பெனி ஒன்றின் கைக்குள் இருந்தது. 1957-இல் அதனோடு கரைந்துபோனது. 1918-இல் உலகப்போர். அமெரிக்க அரசு முந்தைய டிசம்பரிலேயே ரயில்களைத் தன் நிர்வாகத்தில் எடுத்திருந்தது. வண்டிகள் நிரம்பி வழிந்தன. பெட்டிகள் பழையவை, பெரும்பாலும் மரம். அந்த ஜூனில்தான் இண்டியானாவில் சர்க்கஸ் ரயில் ஒன்றின் பின்னால் காலி ரயில் மோதி 86 பேர் இறந்திருந்தார்கள். நவம்பரில் புரூக்ளினில் இன்னொன்று. நல்ல வருஷமில்லை.

விபத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும், அதை என் அப்பாவின் ஸ்டேஷனிலிருந்து சொல்வது சுலபம். அப்பா காலத்தில் நம்மூர் ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். மூங்கில் வளையம், அதில் ஒரு தோல் பை, பைக்குள் உலோக உருண்டை. இந்த ஸ்டேஷனிலும் அடுத்த ஸ்டேஷனிலும் இருக்கிற கருவிகள் கம்பியால் பிணைந்தவை. இரண்டிலிருந்தும் சேர்த்து ஒரு நேரத்தில் ஓர் உருண்டைதான் வெளியே வரும். அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுத்தால்தான் அதுவும். உருண்டை டிரைவர் கையில் இருக்கிறது என்றால் எதிரே வண்டி இல்லை. அப்பா அதை எடுத்துத் தரும்போது “டக்”கென்று ஒரு சத்தம் கேட்கும். தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் ஒற்றைப் பாதைகள் பெரும்பாலும் அப்படி ஓடவில்லை. அங்கே கையில் இருந்தது காகிதம். அச்சடித்த டைம் டேபிள், அதற்கு மேல் தந்தியில் வரும் உத்தரவு. எந்த வண்டி மூத்தது, எது ஒதுங்க வேண்டும் என்பது விதிப்புத்தகத்தில் இருக்கும். படித்து, நினைவில் வைத்து, எதிரே வருவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு போக வேண்டும்.

அன்று காலை நாஷ்வில்லிலிருந்து மெம்பிஸ் நோக்கிப் புறப்பட்டது நாலாம் நம்பர். கிளம்ப வேண்டியது ஏழு மணிக்கு, கிளம்பியது 7:07. டிரைவர் டேவிட் கென்னடி, அனுபவஸ்தர். எதிரே மெம்பிஸிலிருந்து வரும் ஒன்றாம் நம்பர் அரைமணிக்கும் மேல் தாமதம். விதிப்படி ஒன்றாம் நம்பர்தான் மூத்தது. யூனியன் ஸ்டேஷனிலிருந்து கம்பெனியின் பணிமனை வரை இரட்டைப் பாதை; பணிமனையைத் தாண்டினால் ஒற்றை. ஒன்றாம் நம்பர் இரட்டைப் பாதைக்குள் வந்துவிட்டது என்று தெரியாமல் நாலாம் நம்பர் ஒற்றையில் கால் வைக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான், எளிமையானது.

தெரிந்துகொள்ள வழிகளும் இருந்தன. இரட்டைப் பாதையில் ஒன்றாம் நம்பர் பக்கத்தில் கடந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். பணிமனைக் கேபினில் வைத்திருக்கும் பதிவேட்டைப் பார்க்கலாம். கேபின்காரர் காட்டும் சைகை இருக்கிறது. அன்று நடந்தது இது: வண்டியின் கண்டக்டர் (நம்மூர் பஸ் கண்டக்டர் மாதிரி அல்ல, வண்டிக்கே பொறுப்பானவர்) டிக்கெட் வாங்குவதில் மும்முரமாக இருந்தார். கூட்டமான வண்டி. ஒன்றாம் நம்பரைப் பார்க்கும் வேலையைத் தனக்குக் கீழே வேலை பார்த்தவரிடம் ஒப்படைத்தார். இரட்டைப் பாதையில் ஷண்டிங் என்ஜின் ஒன்று காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கடகடவென்று கடந்துபோனது. வண்டிக்குள் இருந்தவர்களுக்கு ஒரு ரயில் போகிற சத்தம் கேட்டது. ஒன்றாம் நம்பர் போயாச்சு என்று முடிவாகிவிட்டது.

கென்னடி என்ன நினைத்தார் என்பதைக் கேட்க அவர் இல்லை. கேபினில் சைகை வழிவிட்டுக் காட்டியது. பதிவேட்டைப் பார்க்க யாரும் இறங்கவில்லை. அப்படி இறங்காமல் போவதே அங்கே வழக்கமாகியிருந்தது. நாலாம் நம்பர் கடந்துபோன பிறகுதான் கேபின்காரர் அதன் நேரத்தை ஏட்டில் எழுத உட்கார்ந்தார். எழுதும்போது கண்ணில் பட்டது: ஒன்றாம் நம்பருக்கு நேரே எதுவும் எழுதியிருக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குத் தந்தி அடித்தார். நிறுத்த முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். அபாயச் சங்கை ஊதினார். போய்க்கொண்டிருந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் பின்னால் பார்த்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

இந்த இடத்தை விசாரணை அறிக்கையில் படித்தபோது மேஜை விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஏட்டில் ஒரு வெற்றுக் கட்டம். எழுதாத கட்டம்தான் அங்கே கடைசியாக வாய் திறந்தது, அதுவும் சில நிமிடம் பிந்தி.

அறிக்கையை எழுதியது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம். 1910-இல் வந்த சட்டம் விபத்துகளை விசாரிக்கும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. அதே சட்டத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு: இந்த அறிக்கைகளை நஷ்டஈட்டு வழக்குகளில் சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது. ஆகவே மொழி ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. டிரைவர் மேல் தவறு, கண்டக்டர் மேல் தவறு, அலட்சியமான நடைமுறை மேல் தவறு. வண்டிகளை இடைவெளி விட்டு அனுப்பும் முறையான தடுப்பு ஏற்பாடு இருந்திருந்தால் இது நடந்திராது. மரப்பெட்டிகளுக்குப் பதில் எஃகுப் பெட்டிகள் இருந்திருந்தால் இத்தனை பேர் இறந்திருக்க மாட்டார்கள்.

இறந்தவர்கள் 101 என்கிறது அரசுக் கணக்கு. 121 என்ற எண்ணும் அந்தக் காலத்திலிருந்தே வழக்கில் இருக்கிறது. காயம்பட்டோர் 171 என்று பெரும்பாலும் சொல்வார்கள். நாஷ்வில் நூலகத்தில் நுண்படச் சுருளை உருட்டி அந்த வாரத்துச் செய்தித்தாள்களைப் பார்த்தேன். கைப்பிடியைச் சற்று வேகமாகச் சுற்றினால் சோப்பு விளம்பரமும் போர்ச்செய்தியும் மரணமும் சேர்ந்து கோடாக ஓடும். மெல்லச் சுற்றினால் பெயர்கள் நிற்கும். வெள்ளையர் பெயர்கள் முழுசாக, ஊரோடு, உறவோடு. கறுப்பர்களுக்குத் தனிப் பத்தி. அதில் பெயர் தெரியாதவர் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இருபது பேர் வித்தியாசம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றியது. நிரூபிக்க முடியாது, ஆனாலும் என் ஊகம் அந்தப் பத்தியை விட்டு நகரவில்லை.

யார் அவர்கள்? நாஷ்வில்லுக்குப் பக்கத்தில், கம்பர்லேண்ட் ஆற்றின் வளைவு ஒன்றில், ஓல்ட் ஹிக்கரி என்ற இடத்தில் டூபாண்ட் கம்பெனி போருக்காகப் புகையற்ற வெடிமருந்து ஆலை கட்டிக்கொண்டிருந்தது. உலகிலேயே அந்த வகையில் மிகப் பெரியது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். ஒன்றாம் நம்பரில் அந்த வேலைக்காக வந்துகொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளர் பலர். டென்னசியில் ரயிலில் நிறம் பிரித்து உட்காரவைக்கும் முதல் சட்டம் 1881-லேயே வந்துவிட்டது. மெம்பிஸ் பள்ளி ஆசிரியையாக இருந்த ஐடா வெல்ஸ், பெண்கள் பெட்டியிலிருந்து தன்னை இழுத்து வெளியேற்றியதற்காக வேறொரு ரயில் கம்பெனி மேல் வழக்குப் போட்டு 1884-இல் 500 டாலர் வென்றார்; 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டது.

கறுப்பர் பெட்டி எங்கே கோர்க்கப்படும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை: என்ஜினுக்கும் சாமான் பெட்டிக்கும் அடுத்து. புகையும் கரியும் அங்கேதான் முதலில் அடிக்கும். நேருக்கு நேர் மோதினால் அடியும் அங்கேதான். ஒன்றாம் நம்பரின் வால்பக்கம் இரண்டு எஃகுத் தூங்கும் பெட்டிகள் இருந்தன. காசு இருந்தவர்கள் அவற்றில் படுத்திருந்தார்கள். முன்னால் இருந்த மரப்பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று, தொலைநோக்கிக் குழாய் மடங்குவதுபோல் நுழைந்துவிட்டன. இந்த விபத்துக்கு ஏன் பாட்டு வரவில்லை என்று ஜாக்சனில் கேட்டுக்கொண்டேனே, அதற்கு இதைவிட வேறு பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பாட்டுக்குக் கதாநாயகன் வேண்டும். கேஸி ஜோன்ஸ் பிரேக்கைப் பிடித்தபடி செத்தார். இங்கே டிரைவர்தான் பிழை செய்தவர். இறந்தவர்களில் பலர் பத்திரிகைக்கே பெயர் இல்லாதவர்கள். அண்மைக் காலத்தில்தான் பெட்ஸி தோர்ப் என்ற எழுத்தாளர் முழுப் புத்தகமாக இதை எழுதினார், 2014-இல்.

மறுநாள் காலை, வண்டிகள் மோதிய வளைவுக்குப் போனோம். டச்சுமேன் வளைவு என்று பெயர். நகரின் மேற்கே, பெல் மீட் என்ற பணக்காரக் குடியிருப்புக்குப் பக்கத்தில், ரிச்லண்ட் ஓடையை ஒட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கோல்ஃப் மைதானம். நாய் நடத்துகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டே ஓடுகிற அம்மாக்கள். 1918-இல் இங்கே சோளக்கொல்லை. மோதிய சத்தம் இரண்டு மைல் தூரம் கேட்டதாம், அன்று மாலைக்குள் ஆயிரக்கணக்கான பேர் பயிரை மிதித்துத் துவைத்து வேடிக்கை பார்த்தார்கள். அறிவிப்புப் பலகை ஒன்று நிற்கிறது. கடந்து போகிறவர்களில் நின்று படித்தவர்களை நாங்கள் இருந்த நேரத்தில் காணவில்லை. பழைய மேம்பாலத்தின் கல்தூண்கள் கொடி படர்ந்து நிற்கின்றன; சுண்ணாம்புக் கல், கையை வைத்தால் வெயிலிலும் குளிர்ச்சி. வளைவும் இந்தப் பாலமும் சேர்ந்து டிரைவர்களின் பார்வையை மறைத்தன. ஒருவரை ஒருவர் கண்டபோது தூரம் மிச்சமில்லை. டிரைவர்கள் இருவரும் அவரவர் என்ஜினோடு போனார்கள். ஒன்றாம் நம்பரின் என்ஜின் எண் 281. நாலாம் நம்பருடையது 282. ஒரே வரிசையில் வந்த இரண்டு என்ஜின்கள்.

மோதல் நடந்தது சுமார் 7:20-க்கு. அந்த நேரத்துக்கே போய் நின்றோம். அமெரிக்கா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கத் தொடங்கியது அதே 1918-இல்தான். அதனால் இன்றைய 7:20 வெயிலும் அன்றைய 7:20 வெயிலும் ஒன்று. ஓடைப்பக்கம் கொசு. தோழன் காபியை உறிஞ்சிக்கொண்டே எத்தனை நேரம் என்று கேட்டான். ஒரு வண்டி போகட்டும் என்றேன். எனக்கு ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்க ஆசை: போகிற என்ஜினின் எண்ணைப் படிக்க முடிகிறதா என்று. ஒருத்தர் அதைச் செய்திருந்தால் போதும் என்றுதானே அறிக்கை முழுக்க இருக்கிறது.

இருபது நிமிடம் கழித்துத் தரை அதிர்ந்தது. மரங்களுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக முகம், பிறகு இரண்டாவது என்ஜின், உடனே பெட்டிகள். கூவல் காதை அடைத்தது. நான் வாய்விட்டு எண்ணைச் சொன்னேன். நடுவில் ஏழு என்று எனக்குப் பட்டது. தோழன் ஒன்று என்றான். அந்த ஓர் இலக்கத்திலேயே எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அவன் முன் என்ஜினைப் பார்த்தானா, பின் என்ஜினைப் பார்த்தானா என்று கேட்டேன். அவனுக்கு அதுவும் நிச்சயமில்லை. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன, கார் ஏற்றுகிற நீளப் பெட்டிகள், எழுத்துக் கிறுக்கிய பெட்டிகள். கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் முனகியது.

நோட்டில் எழுத வைத்திருந்த பேனாவை மூடினேன்.

“வண்டி போயிடுச்சில்ல, நம்பர் எதுக்குடா உனக்கு?” என்றான் தோழன், காலிக் கோப்பையைக் கசக்கிக்கொண்டே.